லினக்ஸ் பிரேம்பஃபர் இயக்கிகளில் செயற்கூறு கையொப்பங்களின் வரலாறு

லினக்ஸ் பிரேம்பஃபர் என்பது கணினித் திரையில் தெரியும் ஒவ்வொரு புள்ளியையும் நினைவகத்தின் ஓர் இடமாகக் கையாள வழிசெய்யும் கெர்னல் அமைப்பு ஆகும். திரையை இயக்கும் வன்பொருள் எந்த நிறுவனத்துடையதாக இருந்தாலும், அதற்கென எழுதப்படும் இயக்கி நிரல், கெர்னல் முன்கூட்டியே வகுத்துள்ள சில செயற்கூறுகளை நிறைவேற்றித் தர வேண்டும். ஒரு செயற்கூற்றின் பெயர், அது ஏற்கும் அளபுருக்கள், அவற்றின் வரிசை, தரவு வகை, அது திருப்பி அனுப்பும் மதிப்பு ஆகியவற்றைச் சேர்த்து அதன் கையொப்பம் என்பர்.

1990களின் நடுப்பகுதியில் தொடங்கி இன்று வரை இக்கையொப்பங்கள் பலமுறை மாறியுள்ளன. எந்த வேலை இயக்கியைச் சேர்ந்தது, எந்த வேலை கெர்னலின் பொதுப்பகுதியைச் சேர்ந்தது என்ற கேள்விக்கு அந்தந்தக் காலத்தில் கிடைத்த விடைகளே அம்மாற்றங்களாகப் பதிந்துள்ளன. விடை பிழைத்த இடங்களில் திரை கலங்கியதோடு நிற்காமல், கருவியின் பாதுகாப்பே உடைந்ததும் உண்டு.

பிரேம்பஃபர் செயற்கூறுகளின் பெயர்கள் பெரும்பாலும் ‘எஃப்பி’ என்ற முன்னொட்டுடன் தொடங்குகின்றன. வாசிப்பு எளிமைக்காக இக்கட்டுரையில் அம்முன்னொட்டு விடப்பட்டுள்ளது.

தோற்றம்

ஐபிஎம் வகைக் கணினிகளில் எழுத்துகளை மட்டும் காட்டும் தனி முறை வன்பொருளிலேயே இருந்தது. 80 நெடுவரிசை, 25 வரி கொண்ட அத்திரையில் ஓர் எழுத்துக்கு 2 பைட் வீதம் 4000 பைட் எழுதினால் போதும். எழுத்தின் வடிவத்தைத் திரை அட்டையே வரைந்துகொள்ளும். லினக்ஸின் முதல் கன்சோல் இந்த வசதியை நம்பியே எழுதப்பட்டது.

மோட்டரோலா 68000 வகைச் செயலிகளைக் கொண்ட அமிகா, அட்டாரி கணினிகளுக்கு லினக்ஸைக் கொண்டு சென்றபோது இந்த நம்பிக்கை உடைந்தது. அவற்றில் எழுத்து முறை இல்லை. ஒவ்வோர் எழுத்தையும் புள்ளி புள்ளியாக நிரலே வரைய வேண்டியிருந்தது. இதற்காக 1994இல் மார்ட்டின் ஷாலர் பிரேம்பஃபரின் மூல நிரலை எழுதினார். அமிகா இயக்கியை எழுதிய ஹேர்ட் அய்ட்டர்ஹூவன் அதைத் தொடர்ந்து வளர்த்தார். புதிதாக இயக்கி எழுதுவோருக்கு மாதிரியாக அமைந்த ‘ஸ்கெலிட்டன்எஃப்பி’ என்ற கோப்பை அவர் 1997 டிசம்பரில் உருவாக்கினார். 2.1 வளர்ச்சி வரிசையின் போது, 1998இல், இவ்வமைப்பு எல்லாக் கணினி வகைகளுக்கும் பொதுவான பகுதியாக முதன்மைக் கெர்னலில் சேர்ந்தது.

கையொப்பத்தின் கூறுகள்

பிரேம்பஃபர் கையொப்பங்களில் திரும்பத் திரும்ப வரும் கட்டுருக்கள் மூன்று.

முதலாவது ‘வார்’. பயனர் மாற்றக்கூடிய விவரங்கள் இதில் உள்ளன: திரையின் அகலம், உயரம், ஒரு புள்ளிக்கு எத்தனை பிட், சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய நிறங்கள் எந்தெந்தப் பிட்டுகளில் அமைகின்றன என்பன போன்றவை.

இரண்டாவது ‘ஃபிக்ஸ்’. பயனர் மாற்ற முடியாத விவரங்கள் இதில் அடங்கும்: திரை நினைவகம் தொடங்கும் இடம், அதன் மொத்த அளவு, ஒரு வரிக்கு ஆகும் பைட்டுகள் போன்றவை. ஒரு வரியின் பைட் அளவு எப்போதும் அகலத்தைப் புள்ளியின் அளவால் பெருக்கி வருவதாக இருக்காது. 1366 புள்ளி அகலமுள்ள திரையில் புள்ளிக்கு 4 பைட் என்றால் 5464 பைட் ஆகிறது. ஆனால் வன்பொருள் 64இன் மடங்கையே ஏற்குமானால் வரி ஒன்று 5504 பைட் இடத்தைப் பிடிக்கும். வரியின் அளவைத் தனி உறுப்பாக வைத்ததன் காரணம் இதுவே.

மூன்றாவது ‘இன்ஃபோ’. ஒரு திரை பற்றிக் கெர்னல் அறிந்த அனைத்தையும் இது தாங்குகிறது. வார், ஃபிக்ஸ் இரண்டும் இதற்குள்ளேயே உள்ளன. இயக்கிக்கு மட்டும் உரிய விவரங்களைச் சுட்டும் ‘பார்’ என்ற சுட்டும் இதில் உண்டு.

இயக்கி தன் செயற்கூறுகளின் முகவரிகளை ‘ஆப்ஸ்’ என்ற கட்டுருவில் நிரப்பிக் கெர்னலிடம் பதிவு செய்கிறது. ஆப்ஸ் கட்டுருவின் உறுப்புகளில் பெரும்பாலானவை செயற்கூறு சுட்டுகள். பொருளநோக்கு மொழிகளில் இடைமுகம் செய்யும் வேலையைச் சி மொழியில் இக்கட்டுரு செய்கிறது எனலாம்.

முதல் வடிவம்: ‘கான்’ அளபுருவின் காலம்

1999இல் வெளிவந்த 2.2, 2001இல் வெளிவந்த 2.4 ஆகிய கெர்னல்களில் ஆப்ஸ் கட்டுருவின் முதன்மைச் செயற்கூறுகள் பின்வருமாறு அமைந்தன:

கெட்_ஃபிக்ஸ் (ஃபிக்ஸ், கான், இன்ஃபோ)
கெட்_வார் (வார், கான், இன்ஃபோ)
செட்_வார் (வார், கான், இன்ஃபோ)
கெட்_சிமேப் (சிமேப், கேஎஸ்பிசி, கான், இன்ஃபோ)
செட்_சிமேப் (சிமேப், கேஎஸ்பிசி, கான், இன்ஃபோ)
பேன்_டிஸ்ப்ளே (வார், கான், இன்ஃபோ)

இவை அனைத்தும் முழு எண்ணைத் திருப்பி அனுப்பின. இவற்றில் பொதுவாக உள்ள ‘கான்’ என்பது மெய்நிகர் கன்சோலின் எண். ஆல்ட் விசையுடன் எஃப்1, எஃப்2 போன்ற விசைகளை அழுத்தி ஒரு கன்சோலிலிருந்து மற்றொன்றுக்கு மாறும்போது, ஒவ்வொரு கன்சோலும் தனக்கென வேறு திரை அளவும் வேறு வண்ண அட்டவணையும் வைத்துக்கொள்ள முடிந்தது. எந்தக் கன்சோலுக்கான கோரிக்கை இது என்பதை இயக்கி தெரிந்துகொள்ளவே அந்த எண் அனுப்பப்பட்டது.

இதன் விளைவு பெரிது. திரை அட்டையின் பதிவேடுகளில் எண்களை எழுதுவதே இயக்கியின் வேலையாக இருக்க வேண்டும். ஆனால் கையொப்பத்தில் ‘கான்’ இருந்ததால், கேட்ட கன்சோல் இப்போது திரையில் உள்ளதா, பின்னணியில் உள்ளதா என்று ஒவ்வோர் இயக்கியும் பார்க்க வேண்டியதாயிற்று. பின்னணியில் இருந்தால் மதிப்புகளைச் சேமித்து வைக்க வேண்டும். முன்னால் இருந்தால் உடனே வன்பொருளில் எழுத வேண்டும். ஒரே மாதிரியான நிரல் டஜன் கணக்கான இயக்கிகளில் சிறு சிறு வேறுபாடுகளுடன் நகலெடுக்கப்பட்டது. ஓரிடத்தில் கண்ட பிழையைத் திருத்தினால் மற்ற நகல்களில் அது அப்படியே தங்கியது.

இன்னொரு சிக்கலும் இருந்தது. கெட்_வார், செட்_வார், பேன்_டிஸ்ப்ளே மூன்றின் கையொப்பமும் தரவு வகையில் ஒன்றே. அக்கால இயக்கிகள் பல, ஆப்ஸ் கட்டுருவைப் பெயர் குறிப்பிடாமல் வரிசை முறையில் மட்டும் நிரப்பின. வரிசையில் இரண்டு பெயர்கள் இடம் மாறினால், திரை விவரத்தைக் கேட்கும் இடத்தில் அதை மாற்றும் செயற்கூறு அழைக்கப்படும். வகைகள் பொருந்துவதால் நிரல்பெயர்ப்பி எந்த எச்சரிக்கையும் தராது. 1999ஆம் ஆண்டின் சி தரத்தில் வந்த, உறுப்பின் பெயரைக் குறித்து மதிப்பைத் தரும் முறையை 2.5 வளர்ச்சி வரிசையில் கெர்னல் பரவலாக ஏற்றது. அதன் பின்னரே இந்த ஆபத்து நீங்கியது.

இக்காலத்திலேயே பொது நிரலைப் பிரித்தெடுக்கும் முயற்சியும் தொடங்கிவிட்டது. ‘எஃப்பிஜென்’ என்ற அடுக்கு, வன்பொருளைச் சார்ந்த வேலைகளை மட்டும் சிறு செயற்கூறுகளாக இயக்கியிடம் கேட்டது. ஒரு வண்ணத்தை மட்டும் அமைக்கும் செட்கால்ரெக், கணக்கிட்ட மதிப்புகளை வன்பொருளில் எழுதும் செட்_பார் ஆகிய பெயர்கள் அதில் ஏற்கெனவே இருந்தன. அடுத்து வந்த பெருமாற்றத்தின் விதை இது.

2.5 மறுசீரமைப்பு: சோதிப்பதும் செய்வதும் வேறு

2.5 வளர்ச்சி வரிசையில் ஜேம்ஸ் சிம்மன்ஸ் பிரேம்பஃபர் அமைப்பைப் பெருமளவு மாற்றி எழுதினார். 2003 டிசம்பரில் வெளிவந்த 2.6 கெர்னலில் அதன் பயன் தெரிந்தது. கன்சோல் தொடர்பான பொறுப்பு முழுவதும் ‘எஃப்பிகான்’ என்ற தனிப் பகுதிக்குப் போனது. கையொப்பங்களிலிருந்து ‘கான்’ மறைந்தது. கெட்_ஃபிக்ஸ், கெட்_வார் இரண்டும் நீக்கப்பட்டன. விவரங்கள் இன்ஃபோவிலேயே இருப்பதால் அவற்றை இயக்கியிடம் கேட்கத் தேவையில்லை. செட்_வார் இரண்டாகப் பிரிந்தது:

செக்_வார் (வார், இன்ஃபோ)
செட்_பார் (இன்ஃபோ)

இவ்விரண்டின் கையொப்ப வேறுபாட்டிலேயே அவற்றின் விதிகள் அடங்கியுள்ளன. செக்_வார் ஏற்கும் வார் என்பது பயனரின் வேண்டுகோள். அது இன்னும் நடைமுறைக்கு வராத ஒரு நகல். அதன் சுட்டில் ‘கான்ஸ்ட்’ என்ற குறி இல்லை. ஆகவே இயக்கி அம்மதிப்புகளைத் திருத்தலாம். பயனர் கேட்ட அளவு வன்பொருளுக்குச் சரியாகப் பொருந்தாவிட்டால், அதற்கு அடுத்த பெரிய அளவுக்கு உயர்த்தித் தரலாம், குறைக்கக் கூடாது. உயர்த்தவும் இயலாதபோது ஈஇன்வால் எனப்படும் -22ஐத் திருப்பி அனுப்ப வேண்டும். இச்செயற்கூறு வன்பொருளின் நிலையை மாற்றக் கூடாது என்று மாதிரி இயக்கியின் குறிப்புரை வலியுறுத்துகிறது. ‘இந்த அளவு இயலுமா?’ என்று மட்டும் கேட்டுவிட்டு எதையும் மாற்றாமல் விலகும் உரிமை பயனருக்கு உண்டு என்பதே காரணம்.

செட்_பார் வார் கட்டுருவைத் தனியாக ஏற்பதில்லை. அது அழைக்கப்படும் வேளையில் சோதனை முடிந்து, ஏற்கப்பட்ட மதிப்புகள் இன்ஃபோவுக்குள் எழுதப்பட்டுவிடும். அவற்றை எடுத்து வன்பொருளில் எழுதுவது மட்டுமே அதன் கடமை. பழைய செட்_வாரில் பாதி மதிப்புகளை எழுதிய பின் மீதி பொருந்தவில்லை எனத் தெரிந்து திரை அரைகுறையாக நிற்க வாய்ப்பிருந்தது. சோதனையையும் செயலையும் பிரித்ததால் அந்த இடைநிலை தவிர்க்கப்பட்டது.

செட்கால்ரெக் கையொப்பம் எஃப்பிஜென் காலத்து வரிசையிலேயே ஆப்ஸ் கட்டுருவுக்குள் வந்தது: வண்ண எண், சிவப்பு, பச்சை, நீலம், ஒளிபுகுமை, இறுதியில் இன்ஃபோ. நிற மதிப்புகள் எப்போதும் 0 முதல் 65535 வரை 16 பிட் அளவில் வரும். வன்பொருள் 6 பிட் மட்டும் ஏற்குமானால் இயக்கி 10 பிட் வலப்பக்கம் நகர்த்திக்கொள்ள வேண்டும். வண்ண எண் குறியற்ற முழு எண்ணாக இருப்பதிலும் பயன் உண்டு. தவறாக வரும் எதிர்ம எண் மிகப் பெரிய எண்ணாக மாறிவிடுவதால், 256ஐ விடக் குறைவா என்ற ஒரே ஒப்பீடு இருபுறப் பிழைகளையும் பிடித்துவிடுகிறது.

திரையை அணைக்கும் பிளாங்க் செயற்கூற்றின் மாற்றமும் குறிப்பிடத்தக்கது. 2.4இல் அது ‘வாய்டு’ வகை, அதாவது எதையும் திருப்பி அனுப்பாதது. 2.6இல் முழு எண்ணைத் திருப்பி அனுப்பும் வகையாயிற்று. வன்பொருளால் திரையை அணைக்க இயலாதபோது சுழியம் அல்லாத மதிப்பு வரும். அப்போது எஃப்பிகான் திரை முழுவதும் கறுப்பு வரைந்து அவ்வேலையைத் தானே முடிக்கும். கேட்பதற்கு ஒருவர் இருக்கும்போதுதான் திருப்பி அனுப்பும் மதிப்புக்குப் பொருள் உண்டு என்பதை இது காட்டுகிறது.

வரைதல் செயற்கூறுகள்

2.6இல் புதிதாக வந்தவை செவ்வகத்தை நிரப்பும் ஃபில்ரெக்ட், ஒரு பகுதியை வேறிடத்துக்கு நகலெடுக்கும் காப்பிஏரியா, எழுத்து வடிவங்களையும் படங்களையும் பதிக்கும் இமேஜ்பிளிட் ஆகிய மூன்றும். இவற்றில் இன்ஃபோ முதலில் வரும்; செய்ய வேண்டிய வேலையை விவரிக்கும் கட்டுரு அடுத்து வரும். அக்கட்டுருவின் சுட்டு ‘கான்ஸ்ட்’ குறி பெற்றது. செக்_வார் போலன்றி இங்கே இயக்கி கோரிக்கையைத் திருத்த உரிமை இல்லை. திருப்பி அனுப்பும் வகை வாய்டு. வரைதல் தோற்றுப்போவதற்கு இடமில்லை. தன் வன்பொருளால் முடியாதபோது, கெர்னல் தரும் பொது வரைதல் நிரலை இயக்கி அழைத்துக்கொள்ளலாம்.

கட்டுருவாக அனுப்புவதன் அருமை வேறொரு நிரலுடன் ஒப்பிட்டால் விளங்கும். ராஸ்பெரி பை போன்ற சிறு கணினிகளில் பொருத்தப்படும் சிறு திரைகளுக்காக நோரால்ஃப் ட்ரன்னஸ் எழுதிய எஃப்பிடிஎஃப்டி தொகுப்பு 2015இல் கெர்னலின் ஸ்டேஜிங் பகுதியில் சேர்ந்தது. திரையில் எந்தப் பகுதியைப் புதுப்பிப்பது எனச் சொல்லும் அதன் செட்_அட்ர்_வின் செயற்கூறு, தொடக்க எக்ஸ், தொடக்க ஒய், முடிவு எக்ஸ், முடிவு ஒய் என நான்கு முழு எண்களை அடுத்தடுத்து ஏற்கிறது. எக்ஸ், ஒய் இரண்டும் இடம் மாறினாலும் நிரல்பெயர்ப்பி கண்டுபிடிக்காது. படம் சிதைந்த பின்னரே தெரியவரும். ஃபில்ரெக்ட் கட்டுருவிலோ அகலம், உயரம் என ஒவ்வோர் உறுப்புக்கும் பெயர் இருப்பதால் இத்தகைய பிழைக்கு வாய்ப்புக் குறைவு.

பழைய கெட், செட் குடும்பத்தில் பிறந்த செக்_வார், பேன்_டிஸ்ப்ளே, செட்கால்ரெக், பிளாங்க் ஆகியவற்றில் இன்ஃபோ இன்றும் கடைசி அளபுருவாகவே உள்ளது. வரைதல் செயற்கூறுகளில் அது முதலில் நிற்கிறது. புதிதாகக் கற்போரைக் குழப்பும் இந்த ஒழுங்கின்மைக்குத் தொழில்நுட்பக் காரணம் ஏதுமில்லை. வெவ்வேறு காலங்களில் சேர்ந்தவை அருகருகே நிற்பதே காரணம்.

எம்மேப்: இரண்டு அளபுருக்களும் ஒரு பாதுகாப்பு உடைப்பும்

ஐஆக்டில், எம்மேப் ஆகிய இரண்டும் பயனர் நிரலுடன் நேரடித் தொடர்புள்ளவை. 2.4இல் ஐஆக்டில் ஆறு அளபுருக்களை ஏற்றது: ஐநோடு, கோப்பு, கட்டளை எண், அதன் மதிப்பு, கான், இன்ஃபோ. 2.6 தொடக்கத்தில் கான் போனது. 2006இல் கிறிஸ்டோஃப் ஹெல்விக் ஐநோடையும் கோப்பையும் நீக்கி, இன்ஃபோவை முதலில் வைத்தார். ஐஆக்டில் (இன்ஃபோ, கட்டளை, மதிப்பு), எம்மேப் (இன்ஃபோ, விஎம்ஏ) என்ற இன்றைய வடிவம் அப்போது வந்தது. இயக்கிகளுக்குத் தேவைப்படாத அளபுருக்கள் கையொப்பத்தில் இருந்தால், என்றோ ஒருவர் அவற்றைத் தவறாகப் பயன்படுத்த வழி திறந்தே இருக்கும்.

எம்மேப் திரை நினைவகத்தைப் பயனர் நிரலின் முகவரி வெளியில் காட்டுகிறது. அதன் கையொப்பம் எளிமையானது. ஆனால் விஎம்ஏ கட்டுருவுக்குள் இருக்கும் தொடக்கத் தொலைவும் நீளமும் பயனர் தந்தவை. பொதுப்பகுதியின் எம்மேப் நிரல் இவ்விரண்டையும் கூட்டி, கூட்டுத்தொகை திரை நினைவகத்தின் அளவுக்குள் உள்ளதா எனச் சோதித்தது. மிகப் பெரிய எண்களைத் தந்தால் கூட்டல் முழு எண்ணின் எல்லையைத் தாண்டி மீண்டும் சிறிய எண்ணாகிவிடும், சோதனையும் தேறிவிடும். 2013இல் வெளிப்பட்ட இக்குறை சிவிஇ-2013-2596 எனப் பதிவானது. ஆண்ட்ராய்டு 4.1.2 ஓடிய ஒரு கைப்பேசி மாதிரியில், இதைக் கொண்டு சாதாரண நிரல் ஒன்று கெர்னலின் நினைவகம் முழுவதையும் வாசிக்கவும் எழுதவும் முடிந்தது.

அதே ஆண்டு லினஸ் டோர்வால்ட்ஸ் விஎம்_ஐஓமேப்_மெமரி என்ற புதிய துணைச் செயற்கூற்றைச் சேர்த்தார். அதன் அளபுருக்கள் மூன்று: விஎம்ஏ, நினைவகம் தொடங்கும் இடம், அதன் நீளம். இயக்கி தனக்கு உறுதியாகத் தெரிந்த இரண்டை, அதாவது தன் நினைவகம் எங்கே தொடங்குகிறது, எவ்வளவு நீளம் என்பதை மட்டும் சொல்கிறது. பயனர் தந்த எண்களைச் சோதிக்கும் கணக்கு முழுவதும் ஒரே இடத்தில் நடக்கிறது. பிரேம்பஃபரின் பொது எம்மேப் நிரலும் வேறு பல இயக்கிகளும் இதற்கு மாறின, திருத்தம் 3.8.9 பதிப்பில் இடம்பெற்றது. எளிதில் பிழைக்கும் கணக்கைப் பல கைகளிலிருந்து ஒரு கைக்குக் கொண்டுவரும் வகையில் அக்கையொப்பம் வடிவமைக்கப்பட்டது.

கையொப்பம் சொல்லாதவை

தரவு வகை சரியாக இருப்பதால் மட்டும் மதிப்பு சரியாகிவிடாது. வார் கட்டுருவில் உள்ள ‘பிக்ஸ்கிளாக்’ ஒரு 32 பிட் குறியற்ற முழு எண். அது அதிர்வெண் அன்று. ஒரு புள்ளியை வரைய ஆகும் நேரம், பிக்கோ நொடிகளில். 640 x 480 அளவில் நொடிக்கு 60 முறை புதுப்பிக்கும் வழக்கமான திரைக்குக் கடிகாரம் 25.175 மெகா ஹெர்ட்ஸ், பிக்ஸ்கிளாக் 39722. அதிர்வெண்ணைக் கணக்கிட இயக்கிகள் இம்மதிப்பால் வகுக்கின்றன. பயனர் சுழியத்தைத் தந்தால் கெர்னலுக்குள் சுழியத்தால் வகுக்கும் பிழை நேரும். 2021, 2022 ஆண்டுகளில் இத்தகைய பிழைகள் பல பழைய இயக்கிகளின் செக்_வார் செயற்கூறுகளில் கண்டறியப்பட்டு, சுழியத்தை மறுக்கும் வரிகள் சேர்க்கப்பட்டன. பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாகக் கெர்னலில் இருந்த இயக்கிகளும் அவற்றில் உண்டு.

சி மொழி சொல்லாததைச் சொல்லக் கெர்னல் சில குறிகளைச் சேர்த்துக்கொண்டது. பயனர் நிரலின் நினைவகத்தைச் சுட்டும் சுட்டுக்கு ‘யூசர்’ குறி, வன்பொருளின் நினைவகத்தைச் சுட்டுவதற்கு ‘ஐஓமெம்’ குறி. நிரல்பெயர்ப்பி இவற்றைப் பொருட்படுத்தாது. டோர்வால்ட்ஸ் 2003இல் தொடங்கிய ஸ்பார்ஸ் என்ற சோதனைக் கருவி இவற்றைப் படித்து, ஒருவகைச் சுட்டை மற்றொன்றாகப் பயன்படுத்தும் இடங்களைக் காட்டும்.

உள்ளே மாறுவதும் வெளியே மாறாததும்

கெர்னலுக்குள் கையொப்பங்கள் இவ்வளவு மாறியபோதும் பயனர் நிரல் காணும் முகம் மாறவில்லை. /டெவ்/எஃப்பி0 கோப்பைத் திறந்து 0x4600 என்ற கட்டளையை அனுப்பினால் வார் கட்டுரு கிடைக்கும்; 2.2 காலத்திலும் இன்றும் அப்படியே. அக்கட்டுரு 40 உறுப்பு மதிப்புகள், ஒவ்வொன்றும் 4 பைட், ஆக 160 பைட். தொடக்கத்தில் அதன் இறுதியில் எதிர்காலத்துக்கென ஆறு இடங்கள் காலியாக விடப்பட்டன. பின்னாளில் திரையைச் சுழற்றும் விவரத்துக்கும் வண்ணவெளிக்கும் ஓரிடம் வீதம் எடுத்துக்கொள்ளப்பட்டு, இப்போது நான்கு எஞ்சியுள்ளன. மொத்த அளவு மாறாததால் பழைய நிரல்கள் தொடர்ந்து இயங்குகின்றன.

இது லினக்ஸின் பொதுக் கொள்கை. பயனர் நிரலுக்குத் தந்த வாக்கு காக்கப்படும். கெர்னலின் உட்பகுதிகளுக்கு இடையிலான இடைமுகம் நிலையாக வைக்கப்படாது. ஓர் உட்கையொப்பத்தை மாற்றுபவர், கெர்னல் மரத்தில் உள்ள எல்லா இயக்கிகளையும் அதற்கேற்ப மாற்றித் தர வேண்டும். மரத்துக்கு வெளியே வைக்கப்பட்ட இயக்கிகள் ஒவ்வொரு பதிப்பிலும் பின்தங்குகின்றன. பழைய நூல்களிலும் குறிப்புகளிலும் உள்ள மாதிரி இயக்கிகள் இன்றைய கெர்னலில் தொகுக்கப்படாமல் நிற்பதற்கும் இதுவே காரணம்.

பிற்கால மாற்றங்கள்

2007இல் ஜெயா குமார் மின்தாள் திரைகளுக்காகத் ‘தள்ளிப்போட்ட உள்ளீடு வெளியீடு’ என்ற வசதியைச் சேர்த்தார். இத்திரைகளில் நினைவகத்தில் எழுதியது தானாகத் திரைக்கு வராது. மாறிய நினைவகப் பக்கங்களின் பட்டியலைச் சற்று நேரம் சேர்த்து வைத்து, பின் மொத்தமாக இயக்கியிடம் தரும் செயற்கூறு இதில் உண்டு. இன்ஃபோவும் பக்கப் பட்டியலும் அதன் அளபுருக்கள்.

2019 இறுதியில் ஜானி நிக்குலா, இன்ஃபோவில் உள்ள ஆப்ஸ் சுட்டைக் ‘கான்ஸ்ட்’ ஆக்கும் வேலையைத் தொடங்கினார், 2020இன் 5.6 பதிப்பில் அது நிறைவேறியது. இதனால் இயக்கிகள் தம் செயற்கூறு அட்டவணையை எழுத முடியாத நினைவகத்தில் வைக்க முடிந்தது. அவ்வட்டவணையின் சுட்டுகளை மாற்றிக் கெர்னலைத் திசைதிருப்புவது தாக்குவோர் அறிந்த வழி.

2021இன் 5.13 பதிப்பில் ஏஆர்எம் 64 பிட் செயலிகளுக்கும், 2022இன் 6.1 பதிப்பில் புதிய வடிவில் எக்ஸ்86 செயலிகளுக்கும், கிளாங் நிரல்பெயர்ப்பியின் கட்டுப்பாட்டு ஓட்டச் சோதனை வந்தது. செயற்கூறு சுட்டின் வழியாக அழைக்கும்போது, சுட்டின் வகையும் அழைக்கப்படும் செயற்கூற்றின் வகையும் பொருந்துகின்றனவா என்று இது இயங்கும் வேளையிலேயே பார்க்கிறது. பொருந்தாத கையொப்பத்தை வகைமாற்றம் செய்து நிரல்பெயர்ப்பியின் எச்சரிக்கையை அடக்கிவிடும் பழைய பழக்கம் இங்கே செல்லாது.

இயக்கியை விலக்கும்போது அழைக்கப்படும் ‘ரிமூவ்’ பிளாங்க்குக்கு எதிர்த்திசையில் மாறியது. அது முழு எண்ணைத் திருப்பி அனுப்பி வந்தது. ஆனால் பிழை எண் வந்தாலும் கெர்னல் விலக்கலை நிறுத்தாது. பிழை எண் அனுப்பினால் விலக்கல் நிற்கும் என்று எண்ணிய இயக்கிகள் பாதி வேலையோடு திரும்பின. நினைவகமும் பிற வளங்களும் விடுவிக்கப்படாமல் தங்கின. உவே கிளைனே-கோனிக் முன்னெடுத்த நீண்ட பணியின் முடிவில், 2024இன் 6.11 பதிப்பில், பிளாட்ஃபார்ம் இயக்கிகளின் ரிமூவ் வாய்டு வகையாயிற்று.

இன்றைய நிலை

பல அடுக்குத் திரைகள், முப்பரிமாண வரைதல், ஒரே நேரத்தில் பல திரைகளை மாற்றுதல் போன்றவற்றுக்குப் பிரேம்பஃபரின் கையொப்பங்கள் போதவில்லை. அவ்விடத்தை டிஆர்எம் என்ற அமைப்பு எடுத்துக்கொண்டது. புதிய திரை இயக்கிகள் டிஆர்எம்மிலேயே எழுதப்பட வேண்டும் என 2015இல் அப்போதைய பராமரிப்பாளர் டோமி வால்கெய்னன் அறிவித்தார். 2022 முதல் ஹெல்கே டெல்லர் பிரேம்பஃபரைப் பராமரித்து வருகிறார். டிஆர்எம் இயக்கிகளும் பழைய நிரல்களுக்காகப் பிரேம்பஃபர் முகத்தைப் போலியாகக் காட்டுவதால், ஆப்ஸ் கட்டுரு இன்னும் பயனில் உள்ளது.

பழைய இயக்கி ஒன்றைப் படிப்பவர் அதன் காலத்தைக் கையொப்பங்களைக் கொண்டே அறியலாம். ‘கான்’ இருந்தால் 2.4 அல்லது அதற்கு முந்தையது. கான் இல்லாமல் ஐஆக்டிலில் ஐநோடு இருந்தால் 2006க்கு முந்தைய 2.6. ஆப்ஸ் ‘கான்ஸ்ட்’ ஆகியிருந்தால் கடந்த சில ஆண்டுகளில் திருத்தப்பட்டது. அதனைப் புதிய கெர்னலுக்கு மாற்றும்போது, பிழைச்செய்தி மறையும் வரை அளபுருக்களை நீக்கியும் சேர்த்தும் பார்த்தால் நிரல் தொகுக்கப்படலாம். சரியாக இயங்கும் என்ற உறுதி இல்லை. நீக்கப்பட்ட அளபுரு எந்தப் பொறுப்பைச் சுமந்தது, அது இப்போது யாரிடம் உள்ளது என்பதைத் தெரிந்துகொண்ட பிறகே அந்த மாற்றம் முழுமை பெறும்.